நூறு என்று வைத்துக்கொள்வோம்

நான்கு ஆண்டு சிவில் படிப்பில் தனியாக உட்கார்ந்து படித்துத் தேற முடியாத பாடம் ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கேள்வித்தாள் கிடையாது. ஆறாவது செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையில், வளாகத்தை விட்டு வெளியே போய்த் தங்கி, இரண்டு வாரம் நிலத்தை அளந்து வரைபடமாக்கிக் கொண்டுவர வேண்டும். சர்வே கேம்ப். 2009 மே மாதம், கோவையில் நான் படித்த தனியார் பொறியியல் கல்லூரி எங்களை ஏற்காட்டுக்கு ஏற்றிப் போனது. இரண்டு பஸ்ஸில் மாணவர்கள், பின்னால் ஒரு வேனில் முக்காலிகள், அளவுகோல்கள், ரேஞ்சிங் ராடுகள், சமையல் பாத்திரங்கள்.

போன அன்று மாலையே பேட்ச் பிரித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆறு ஆறு பேர். சேக்காளிகளோடு சேரலாம் என்று கனவு கண்டவர்கள் துறைத்தலைவர் முன்னால் போய் நின்றார்கள். அவர் பட்டியலைத் தொடவில்லை. எங்கள் ஆறு பேரில் இரண்டு பேரோடு மூன்று வருடமாக நான் நின்று பேசியதே இல்லை. எங்கள் வகுப்பில் ஊர்ப்பெயர்தான் ஆள்பெயர்: தேனி, ஈரோடு, பண்ருட்டி, தூத்துக்குடி, நெய்வேலி. நான் ‘அந்தமான்’. வீடு குட்வில் எஸ்டேட்டில் என்று முதல் வருடம் சொன்னபோது, டீ எஸ்டேட்டா காப்பி எஸ்டேட்டா என்று கேட்டார்கள். தகரக் கூரை வீடுகள், பாக்கு, தென்னை, மழை என்று விளக்கிச் சலித்து, அந்தமான் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

லெவலிங் என்னும் மட்டம் பார்க்கும் வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயரம் தெரிந்த ஒரு புள்ளி இருக்கும், அது பெஞ்ச்மார்க். முக்காலியில் லெவல் கருவியை வைத்து, அந்தப் புள்ளியின் மேல் ஒருவர் நிறுத்திப் பிடிக்கும் அளவுகோலைப் பார்க்க வேண்டும். நான்கு மீட்டர் உயரம், ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, அதுதான் ஸ்டாஃப். முதலில் பார்ப்பது பேக் சைட். பிறகு ஸ்டாஃபை அடுத்த புள்ளிக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பார்ப்பது ஃபோர் சைட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இரு புள்ளிகளுக்கும் இடையிலான ஏற்றமோ இறக்கமோ. பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னே நகர்ந்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். இப்படி மலையைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய பெஞ்ச்மார்க்கிலேயே வந்து முடிக்க வேண்டும். கிளம்பியபோது இருந்த உயரமே திரும்பும்போதும் கணக்கில் வந்தால் சுற்று மூடியது என்று பொருள். வராத மிச்சம் குளோசிங் எரர்.

இதில் ஒரே ஆள் செய்யக்கூடியது எதுவுமில்லை. கருவியில் நிற்பவருக்கு ஸ்டாஃப் சாய்ந்திருக்கிறதா என்று முழுதாகத் தெரியாது. ஸ்டாஃப் பிடிப்பவருக்கு என்ன எண் தெரிகிறது என்று தெரியாது. அதனால் ஸ்டாஃப்காரர் அதை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுவார். கருவியில் இருப்பவர் அந்த ஆட்டத்தில் தெரியும் மிகச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்வார், ஏனென்றால் செங்குத்தாக நிற்கும் நொடியில்தான் அளவு மிகக் குறைவாக விழும். எண்ணைக் கேட்டு எழுதுபவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஃபீல்டு புக்கில் அழிப்பான் கூடாது. தவறாக எழுதினால் ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுத வேண்டும். அடித்தது என்ன என்பதும் படிக்கத் தெரிய வேண்டும். அரை நாளுக்கு ஒருமுறை வேலை மாறும். காலையில் கருவியில் ராஜாவாக நின்றவர் மதியத்துக்குப் பிறகு காப்பிச் செடிகளுக்குள் அட்டைக் கடி வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் பிடிப்பார்.

அந்த வேலை மாற்றம்தான் எங்களைப் பேட்ச் ஆக்கியது. வகுப்பில் முதலிடம் பிடிக்கும் ஈரோட்டுப் பெண்ணுக்கு ஸ்டாஃபை நேராகப் பிடிக்க வரவில்லை. அரியர் வைத்திருந்த தூத்துக்குடிக்காரன் அதைத் தூண் மாதிரி நிறுத்தினான். பண்ருட்டிக்கு எண் வாசிக்க நேரமாகும், ஆனால் கருவிக்கு எங்கே இடம் பார்க்க வேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரிந்தது. பேக் சைட்டும் ஃபோர் சைட்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் அமைந்தால் கருவியின் சிறு கோணலும் பூமியின் வளைவும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. சரிவான மலையில் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது பண்ருட்டியின் கண்.

ஒரு நாள் இரவு எங்கள் சுற்று மூடவில்லை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் சுற்று. பாடப்புத்தகக் கணக்குப்படி, சாதாரண லெவலிங்கில் கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கினால் வருவதுதான் அனுமதிக்கப்பட்ட பிழை. எங்களுக்கு ஏறக்குறைய 29 மில்லிமீட்டர். வந்திருந்ததோ 1.012 மீட்டர். சாப்பாட்டுக் கூடத்துக் குண்டு பல்பின் கீழ் ஆறு பேரும் கூட்டல் கழித்தலைத் திரும்பத் திரும்பச் செய்தோம். கணக்கில் பிழையில்லை. அப்புறம் கூடத்தில் ஒரு வேறு மாதிரி அமைதி வந்தது. அன்று காலை கருவியில் யார், மதியம் யார் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஃபீல்டு புக்கில் கையெழுத்து வேறு இருக்கிறதே, மறைக்கவும் முடியாது.

எங்கள் பேட்சுக்குப் பொறுப்பான சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “ஆளைத் தேடாதீங்க, ஸ்டேஷனைத் தேடுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு மீட்டர் பிழை என்பது நல்ல சகுனம் என்று நெய்வேலி சொன்னான். இருபது முப்பது மில்லிமீட்டர் என்றால் எங்கே ஒளிந்திருக்கிறதோ. முழு மீட்டர் என்றால் யாரோ ஸ்டாஃபில் இருக்கும் பெரிய எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கே? அதற்குத் தேனி உதவினான். அவன் கருவியில் இருந்த வேளையில், யாரும் கேட்காமலேயே, கருவிக்குள் அளவெடுக்கும் நடுக் கோட்டோடு அதன் மேல் கோடு, கீழ் கோடு இரண்டின் எண்ணையும் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். அவனால் வேலை இழுக்கிறது என்று பகல் முழுக்கத் திட்டியிருந்தோம். இப்போது அந்த எண்களைப் பார்த்தோம். ஓர் இடத்தில் மேல் கோடு 2.470, கீழ் கோடு 2.300. இரண்டின் சராசரி 2.385. அதுதான் நடுக் கோட்டில் இருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தது 3.385. ஒரு மீட்டரைக் கழித்தால் மிச்சப் பிழை 12 மில்லிமீட்டர். சுற்று மூடிக்கொண்டது.

வாசித்தவர் தவறாக வாசித்தாரா, எழுதியவர் தவறாகக் கேட்டாரா? யாரும் கேட்கவில்லை. ஆனால் சார் அதோடு விடவில்லை. “எண் சொல்லிடுச்சு. மலை என்ன சொல்லுதுன்னு காலையில போய்ப் பார்த்துட்டு வந்து அப்புறம் திருத்துங்க” என்றார். விடிந்ததும் போய் மறுபடி கருவியை நிறுத்திப் படித்தோம். அந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலான ஏற்றம், திருத்திய கணக்கு சொன்னபடியே வந்தது. புத்தகத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே புதிய எண்ணை எழுதி, ஆறு பேரும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டோம்.

பொறியியல் கல்வி நம் ஊரில் பிறந்ததே இப்படித்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளி. முதலில் எட்டு மாணவர்கள். அது கல்லூரியானது, கிண்டிக்கு இடம் மாறியது எல்லாம் அடுத்த நூற்றாண்டுகளில். அந்தச் சர்வே பள்ளிக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1789-இல், ஆர்ச்சிபால்ட் பிளேயர் அந்தமான் கரைகளை அளந்து சாத்தம் தீவில் குடியிருப்பு அமைத்தார். போர்ட் பிளேயருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அவர் பெயர்தான் வந்தது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். ‘அளந்தார்’ என்று ஒருமையில்தான் எழுதுகிறோம். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானி பார்க்க ஆள், சங்கிலியைத் தூக்கி வைக்க ஆள், கோடு பிசகாமல் பார்க்க ஆள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது தாழ்வாகப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைத்த கதையைத் தமிழ்நாட்டில் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பேராசிரியர் சீனிவாசன் அதிருப்தி அடைந்ததும், மூன்று நாள் கெடு வைத்ததும், கலாம் இரவெல்லாம் விழித்து வரைந்ததும் எல்லோருக்கும் மனப்பாடம். அவரது தன்வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வேலையில் அவரோடு இன்னும் நான்கு பேர். காற்றியக்க வடிவம் கலாமுடையது. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் எல்லாம் மற்றவர்களுடையவை. மேடையில் சொல்லும்போது அந்த நால்வரும் கதையிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். இறக்கிவிட்டது கலாம் அல்ல, நாம்தான். தனியாளின் வெற்றியாகச் சொன்னால்தான் நமக்குக் கைதட்ட வருகிறது. அதே பழக்கம் நம் தேர்வு முறையிலும் இருக்கிறது.

எனக்கு இந்தக் கூட்டு வேலை முற்றிலும் புதிதல்ல. அப்பா கொத்தனார், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து, குட்வில் எஸ்டேட்டில் வீடு கட்டிக்கொண்டவர். அவரிடம் ரசமட்டம் இருந்தது, தூக்குக்குண்டு இருந்தது. ஆனால் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கு மட்டம் கடத்த அவர் நம்பியது கண்ணாடி போலத் தெளிவான ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயை. அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இவர் பிடிப்பார், மறுமுனையைச் சித்தாளோ அண்ணனோ நானோ பிடிப்போம். இவர் பக்கத்துத் தண்ணீர் குறியில் நின்றதும் “குறி போடு” என்பார். அந்தக் கருவியைத் தனியாளாகப் பயன்படுத்தவே முடியாது. குழாயில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுவார். குமிழ் அடைத்துக்கொண்டால் இரண்டு முனையும் பொய் சொல்லும். பிடித்திருக்கும் இரண்டு பேரும் அதை நிஜம் என்று சத்தியம் செய்வார்கள். இதை அவர் சிமென்ட் வாடையோடு சொன்னபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் முழு அர்த்தம் கடைசி வருடப் புராஜெக்டில்தான் விளங்கியது.

கேம்பில் சேர்ந்தவர்களில் நான்கு பேர் புராஜெக்டுக்கும் ஒன்றாக நின்றோம்: தேனி, ஈரோடு, பண்ருட்டி, நான். தலைப்புத் தேடியபோது பண்ருட்டிதான், “ஏ அந்தமான், உங்க ஊர்ல அவ்ளோ மழைங்கற, அப்புறம் ஏன் உங்கம்மா போன்ல தண்ணி இல்லன்னு சொல்றாங்க?” என்று கேட்டான். நல்ல கேள்வி. போர்ட் பிளேயர் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆனால் சரிவான தீவு. பெய்தது சீக்கிரமே கடலுக்குப் போய்விடுகிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வறட்சி. அந்தப் பக்கத்துக்கு முக்கிய நீர் ஆதாரம் தனிக்காரி அணை. கோடையில் அது இறங்கினால் குழாயில் தண்ணீர் வரும் நாள்கள் தள்ளிப் போகும். மழைக்காலத்தில் கூரையில் விழுவதை வறட்சிக்குச் சேர்த்துவைப்பது எப்படி என்பதே எங்கள் தலைப்பானது.

டிசம்பர் கடைசியில் சென்னையில் கப்பலேறினோம். சுமார் 1,200 கிலோமீட்டர். பங்க் வகுப்பில், மூன்று பகலும் இரவும் ஆட்டம். தேனிக்குக் கடலே அதுதான் முதல்முறை. முதல் நாள் முழுக்க அவன் வாளியை விட்டு நகரவில்லை. ஹாடோ துறையில் இறங்கியதும் மூன்று பேருக்கும் இன்னொரு அதிர்ச்சி: தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் பேசும் வீடுகள் எல்லாம் தெருவுக்கு வந்ததும் ஒரு தினுசு இந்தியில் பேசின. வீட்டில் அம்மா அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே, “மெயின்லேண்டுல இந்த வாரம் தண்ணி வந்துச்சாப்பா?” என்றுதான் முதலில் விசாரித்தாள்.

கணக்கு எளிதாகத் தொடங்கியது. எங்கள் வீட்டுத் தகரக் கூரை 60 சதுர மீட்டர். 3,000 மில்லிமீட்டர் மழையில் 1,80,000 லிட்டர். தெறிப்பு, ஆவி, முதல் மழையில் துருவும் பாக்கு இலையும் கழுவிப் போக விடுவது என எல்லாம் கழித்து 80 விழுக்காடு பிடித்தாலும் 1,44,000 லிட்டர். தேவைக்கு ஈரோடு நெறிமுறைப் புத்தகத்தை எடுத்தாள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். ஐந்து பேர், 120 நாள். 81,000 லிட்டர் சேமிக்க வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டி கட்டினால் வீட்டை இடித்துத்தான் கட்ட வேண்டும்.

பண்ருட்டி புத்தகத்தை மூடிவிட்டு வீடு வீடாகப் போகலாம் என்றான். வாசலில் எத்தனை டிரம், ஒரு டிரம் எத்தனை நாளைக்கு வருகிறது, துவைக்க எங்கே போகிறார்கள் என்று விசாரித்தோம். பேச்சு என் பொறுப்பு, எழுத்து ஈரோட்டுக்கு. ஒவ்வொரு வீட்டிலும் நல்ல தண்ணீர் வேறு, புழங்கும் தண்ணீர் வேறு. புழங்க, ஓடையோ கிணறோ ஏதோ ஒன்று இருந்தது. தட்டுப்பாடு குடிக்கவும் சமைக்கவுமான தண்ணீருக்குத்தான். அது ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டரைத் தாண்டவில்லை. ஐந்து பேருக்கு 120 நாளைக்கு 6,000 லிட்டர். அது கட்டக்கூடிய தொட்டி. 81,000 என்ற எண்ணைக் கைவிட ஈரோட்டுக்கு மனமில்லை, இரவெல்லாம் சண்டை. கடைசியில் அறிக்கையில் இரண்டையும் எழுதி, இரண்டாவதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதை அவளே ஒரு பக்கத்துக்கு விளக்கினாள். எங்கள் அறிக்கையில் மிக நன்றாக எழுதப்பட்ட பக்கம் அதுதான். சம்மதிக்காதவர் எழுதியதால் ஓட்டையில்லாமல் வந்தது.

மட்டம் பார்க்க வேண்டிய அவசியம் அதன்பிறகுதான் வந்தது. வீடுகள் சரிவில் படிப்படியாக இருந்தன. மேல்வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் கீழ்வீட்டு அடுப்படிக்கு வரும். கூரை விளிம்பு, தொட்டி வாய், வழிந்தோடும் வாய்க்கால் எல்லாவற்றுக்கும் உயரம் தெரிய வேண்டும். வாடகைக்கு எடுத்த லெவலோடு எங்கள் வீட்டுத் திண்ணையின் மூலையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு சரிவைச் சுற்றினோம். ஆனால் திண்ணை மூலை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? வழிகாட்டியாக இருந்த ஆசிரியர் கடல் மட்டக் கணக்கில் வந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார். தெரிந்தவர் மூலம் அந்தப் பக்கத்துப் பழைய வரைபடம் ஒன்றின் நகல் கிடைத்தது. அதில் அருகில் ஒரு சிறுபாலத்துக்கு உயரம் குறித்திருந்தது. தேனி அந்த எண்ணிலிருந்து மட்டத்தைத் திண்ணைக்குக் கடத்தினான். போய்த் திரும்பிய சுற்று எட்டு மில்லிமீட்டரில் மூடியது. நாங்கள் பார்த்த சுற்றுகளிலேயே அழகானது. நான்கு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

சாயங்காலம் அப்பா வரைபடத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “இது எந்த வருசத்து மட்டம் தம்பி?” என்று தேனியிடம் கேட்டார்.

வரைபடத்தின் மூலையில் இருந்த வருடம் 2004-க்கு முந்தியது.

அது போதும், எனக்குப் புரிந்துவிட்டது. மற்ற மூவருக்கும் நான் சொல்ல வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26 காலை பூமி ஆடியபோது ஆழிப்பேரலை மட்டும் வரவில்லை. தீவுகளே இடம் மாறின. வடக்கு அந்தமானில் நிலம் உயர்ந்து பவளப் பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்தன. போர்ட் பிளேயர் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. தெற்கே கிரேட் நிக்கோபாரில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நான்கு மீட்டருக்கும் அதிகமாக இறங்கி, அடி கடலுக்குள் போய்விட்டது. பேரலை வடிந்த பிறகும் எங்கள் பக்கம் கடல் வடியாத இடங்கள் இருந்தன. படகுத்துறைத் தூண்களில் ஏற்றத் தண்ணீர் பழைய கறையைத் தாண்டி நின்றதைக் கட்டட வேலைக்குப் போன அப்பாவும் அவர் சகாக்களும் விஞ்ஞானிகளின் கருவி சொல்வதற்கு முன்பே பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மூவரையும் சிப்பிகாட்டுக்குக் கூட்டிப்போனேன். நான் சின்ன வயதில் பார்த்த நெல்வயல்கள் இருந்த இடத்தில் சாலையின் இருபுறமும் உப்புத் தண்ணீர். அலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கிக்கொண்டிருந்தது. பட்டுப்போன தென்னைகளின் மொட்டை மரங்கள் வரிசையாக நின்றன. வரப்பு எங்கே போனது என்பதை அந்த வரிசை காட்டியது. தேனி வெகுநேரம் பேசவில்லை. “நம்ம சுற்று எட்டு மில்லிமீட்டர்ல மூடிச்சே” என்றான் கடைசியில்.

ஏற்காட்டில் ஒரு மீட்டர் பிழை எங்களிடம் இருந்தது. மலை சரியாக இருந்தது. இங்கே எங்களிடம் பிழையே இல்லை, நிலம் ஒரு மீட்டர் இறங்கியிருந்தது. குழுவாகச் சரிபார்ப்பதால் முதல்வகைப் பிழை பிடிபடும். இரண்டாவது பிடிபடாது. நாலு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு கறாராகச் சோதித்தாலும், நாலு பேருமே ஒரே தொடக்க எண்ணை நம்பிக் கிளம்பியிருந்தால் சுற்று அழகாக மூடும், அத்தனையும் தப்பாக இருக்கும். அப்பா சொன்ன காற்றுக் குமிழ் அதுதான். அதைப் பார்க்க, குழாயைப் பிடிக்காத ஒருவர் வேண்டும்.

நல்லவேளையாக எங்கள் தொட்டிகளுக்கு இதனால் கெடுதல் இல்லை. சரிவு முழுக்க ஒன்றாக இறங்கியதால் வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பழையபடியே இருந்தது. கடலோரத்தில் வடிகால் வாய் அமைக்கும் வேலையாக இருந்திருந்தால் அந்த ஒரு மீட்டர் ஊரையே மூழ்கடித்திருக்கும். கடல் மட்டக் கணக்கை அறிக்கையிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தோம். சர்வேயில் அதற்கு வழி இருக்கிறது: தொடக்கப் புள்ளிக்கு ஓர் உயரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், அப்படி வைத்துக்கொண்டோம் என்று எழுதிவிட்டால் போதும். ‘திண்ணையின் தென்கிழக்கு மூலை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளப்பட்டது. இது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டதல்ல’ என்று முதல் பக்கத்தில் எழுதினோம். ஏன் என்பதற்கு 2004 பற்றி ஒரு பத்தி.

கிளம்புவதற்கு முன் ஒரு தொட்டியைக் கட்டியும் பார்த்தோம். கோழி வலையும் சிமென்ட் கலவையும் கொண்டு மெல்லிய சுவர் எழுப்பும் ஃபெரோசிமென்ட் முறை. அப்பா மேஸ்திரி, நாங்கள் சித்தாள்கள். குழாயின் உயரத்தை முடிவு செய்தது அம்மாவின் குடம்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் கேட்டது, “இதில் உன் தனிப்பட்ட பங்கு என்ன?” என்றுதான். நியாயமான கேள்வி, நான்கு பேர் பெயரில் வரும் அறிக்கைகளில் இரண்டு பேர் டீ வாங்கிவந்ததோடு சரி என்பது எல்லாக் கல்லூரிக்கும் தெரியும். ஆனால் ஈரோடு, “135 லிட்டர்தான் சரின்னு வாதாடினது நான் சார், அந்த வாதத்துல தோத்ததும் நான்தான்” என்றபோது அவருக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்துக்கான வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினரான பிறகு, பொறியியல் பட்டதாரிக்கு இருக்க வேண்டிய பண்புகளில் ஒன்றாகக் குழுப்பணியும் எழுத்தில் ஏறிவிட்டது. அங்கீகாரத்துக்கு வரும் குழு அதற்குச் சான்று கேட்கிறது. கல்லூரிகள் புகைப்படம் எடுத்து வைக்கின்றன. தோற்றுப்போன வாதத்துக்கு மட்டும் இன்னும் கட்டம் இல்லை.

இப்போது நான் தீவுக்கே திரும்பி வந்து கட்டுமான வேலை பார்க்கிறேன். நான் படிக்கப் போனபோது பாலிடெக்னிக்காக இருந்த பஹார்காவ் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் நிறுவனம் இன்று பட்டப் படிப்பே நடத்துகிறது. தீவுப் பிள்ளைகள் எல்லோரும் கப்பலேற வேண்டியதில்லை. கருவிகளும் மாறிவிட்டன. தானே திரும்பி இலக்கைத் தேடிக்கொள்ளும் டோட்டல் ஸ்டேஷன் வந்துவிட்டது, ட்ரோன் வந்துவிட்டது. ஒரே ஆள் ஒரு காலையில் நாங்கள் வாரக்கணக்கில் செய்ததை முடித்துவிடலாம். சைட்டுக்கு அது நல்லது, எனக்கும் கூலி மிச்சம். படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் பழைய லெவலையும் நான்கு மீட்டர் ஸ்டாஃபையும் கொஞ்ச காலம் விட்டுவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பேட்ச் பிரிப்பதை மாணவர்கள் கையில் விடக் கூடாது. மலைவாசத்தலங்களுக்கு ஆண்டுதோறும் போவதைவிட, அந்த வரைபடம் தேவைப்படும் ஓர் ஊருக்குப் போகலாம். முடித்த வரைபடத்தை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, அவர் கேட்கும் கேள்விக்கும் மதிப்பெண் வைக்கலாம்.

வேலை கேட்டு வரும் புதியவர்களிடம் நான் சதவீதம் கேட்பதில்லை. கேம்பில் முதல் புள்ளிக்கு உயரம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பேன். “நூறுன்னு வச்சுக்கிட்டோம் மேடம்” என்று சிலர் சொல்வார்கள். வைத்துக்கொண்டது என்பது தெரிந்திருக்கிறது, அவர்களைக் கருவியில் நிறுத்தலாம். பெரும்பாலோர், “சார் குடுத்தாரு” என்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். முதல் மாதம் ஸ்டாஃப் பிடிக்கும் வேலை.